விண்டோஸ் 11 போடணுமா, ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டணுமா? ரேம் வாங்கும் முன் இதைப் பாருங்க!

சென்னை: விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. சொல்லிவைத்தாற்போல அதே மாதங்களில்தான் ரேம் விலையும் எகிறத் தொடங்கியது.

பழைய கம்ப்யூட்டரை எப்படியாவது விண்டோஸ் 11-க்கு ஏற்றிவிடலாம், கூடவே வீட்டுப் பையன் கேட்டுக்கொண்டே இருக்கும் ஃப்ளைட் சிமுலேட்டரையும் ஓட வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் நிறைய பேர். அவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, ரேம் மட்டும் ஏத்துனா போதுமா?"

சிலருக்குப் போதும். பலருக்குப் போதாது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்தபடி பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

பேசின் பிரிட்ஜில் நிற்கும் ரயிலும், உங்கள் ரேமும்

வெளியூரிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் வந்தவர்களுக்கு பேசின் பிரிட்ஜைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பையை எல்லாம் எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் வந்து நின்றால், வண்டி அங்கே அப்படியே நின்றுவிடும். இன்ஜினில் கோளாறு இல்லை, டிரைவர் மீதும் தப்பில்லை. சென்ட்ரலில் பிளாட்பாரம் காலி இல்லை, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் 'ஹேங்' ஆவதும் பெரும்பாலும் இப்படித்தான். ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி என்பது பேசின் பிரிட்ஜ் யார்டு மாதிரி. ரயில் பெட்டிகளைக் கழுவி, சரிபார்த்து நிறுத்திவைக்கும் இடம். எத்தனை வண்டி நின்றாலும் அங்கே யாரும் ஏற முடியாது. ஏற வேண்டும் என்றால் வண்டி பிளாட்பாரத்துக்கு வந்தாக வேண்டும். அந்தப் பிளாட்பாரம்தான் ரேம். ப்ராசஸர் வேலை செய்வது ரேமில் வந்து நிற்கும் டேட்டாவோடு மட்டும்தான்.

பிளாட்பாரம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் என்ன செய்யும்? இப்போதைக்குத் தேவைப்படாத ஒரு வண்டியைத் திரும்ப யார்டுக்கே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் புது வண்டியை நிறுத்தும். 'பேஜ் ஃபைல்' என்று சொல்வது இதைத்தான். நீங்கள் குரோமில் பழைய டேபுக்குத் திரும்பிப் போகும்போது இரண்டு நொடி வெள்ளைத் திரை வருகிறதே, தள்ளிவிட்ட அந்த வண்டி மறுபடி பேசின் பிரிட்ஜிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ரேமைக் கூட்டினால் பிளாட்பாரம் கூடும், காத்திருப்பு குறையும். ஆனால் இன்ஜினே பழசு என்றாலோ, யார்டிலிருந்து வரும் தண்டவாளமே மோசம் என்றாலோ, பிளாட்பாரம் எத்தனை கட்டினாலும் வண்டி வேகமாக வராது. கடைக்காரர்கள் பலரும் விட்டுவிடும் இடம் இது.

உதாரணத்துக்கு, 4 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் உள்ள கம்ப்யூட்டர். பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி வரைதான் படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பியைத் தொடும். சின்னச் சின்ன ஃபைல்களை இங்கும் அங்குமாக எடுக்கும்போது வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. கையில் ஒரு செலவுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இந்த மெஷினுக்கு முதலில் எஸ்எஸ்டி, பிறகுதான் ரேம்.

விண்டோஸ் 11-ஐத் தடுப்பது ரேம் இல்லை

மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கில் விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் இருந்தால் போதும். 4 ஜிபியில் விண்டோஸ் 11 திறக்கும், உண்மைதான். ஆனால் ஒரு பிரவுசரும் ஒரு வாட்ஸ்அப்பும் திறந்தாலே மூச்சு வாங்கும். நடைமுறையில் 8 ஜிபி என்பதைத்தான் தொடக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆபீஸ் வேலை, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, கொஞ்சம் போட்டோ எடிட்டிங் என்றால் 16 ஜிபி நிம்மதி.

ஆனால் வாசலிலேயே நிறுத்துவது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப். இன்னொன்று, ப்ராசஸரின் தலைமுறை. இன்டெல் என்றால் ஒருசில விதிவிலக்குகளைத் தவிர 8-ம் தலைமுறைக்கு மேல், ஏஎம்டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசைக்கு மேல்தான் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் இன்னமும் சுற்றிவரும் டெஸ்க்டாப்களில் எச்61, எச்81 வகை மதர்போர்டுகளை அடிக்கடி பார்க்கலாம். இன்டெல் 2-ம் தலைமுறையிலிருந்து 4-ம் தலைமுறை வரையிலான ப்ராசஸர்களுக்கானவை. இரண்டே ஸ்லாட், டிடிஆர்3 ரேம், அதிகபட்சம் 16 ஜிபி. அந்த 16 ஜிபியையும் நிரப்பினாலும் விண்டோஸ் 11 பட்டியலில் அந்த மெஷின் வராது. ரேமுக்குக் கொடுத்த காசு விண்டோஸ் 10-ஐ வேகமாக்கும், அவ்வளவுதான்.

"பைபாஸ் பண்ணி போட்டுத் தர்றேன் சார்" என்று சொல்லும் கடைகள் உண்டு. போடவும் முடியும். ஆனால் அப்படிப் போட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் வந்தே தீரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 24எச்2 பதிப்பிலிருந்து சில குறிப்பிட்ட கட்டளைகள் தெரியாத மிகப் பழைய ப்ராசஸர்களில், கோர் 2 டுயோ காலத்து மெஷின்களில், விண்டோஸ் 11 திறக்கவே திறக்காது. பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

டிபிஎம் விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். பல போர்டுகளில் அது இருக்கும், ஆனால் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் 'பிடிடி' என்றும், ஏஎம்டி போர்டில் 'எஃப்டிபிஎம்' என்றும் பெயர் இருக்கும். அதை ஆன் செய்தாலே கதவு திறந்துவிடும், காசு எதுவும் செலவில்லை. மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' ஆப்பை ஓட்டினால் உங்கள் மெஷின் தேறுமா, தேறாதா, எதனால் தேறவில்லை என்று அதுவே சொல்லிவிடும்.

தேறவில்லையா? உடனே புது கம்ப்யூட்டர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கிறது. 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்து, விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸை சிங்க் செய்துகொண்டால் பணமே கட்ட வேண்டாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல்' என்ற பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இதைத் தெரியாமலே பல பேர் பழைய மெஷினைத் தள்ளிவிட்டிருப்பார்கள்.

2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களும் இன்னும் பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கின்றன. அவற்றில் விண்டோஸ் 11 நடக்காது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்து வந்தது நினைவிருக்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு, ரேமையும் கொஞ்சம் கூட்டினால் டைப்பிங், யூடியூப் அளவுக்கு அவை இன்னும் உழைக்கும். சிமுலேட்டர் ஆசையை மட்டும் அதனிடம் வைக்காதீர்கள்.

ஃப்ளைட் சிமுலேட்டருக்கு ஏன் இவ்வளவு பசி?

சாதாரண கேம் ஒன்றில் ஒரு ஊர், ஒரு மைதானம், ஒரு கோட்டை இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் இருப்பது முழு பூமி. 2020 ஆகஸ்ட்டில் வந்த பதிப்பிலேயே மைக்ரோசாஃப்ட் சர்வர்களில் வைத்திருந்த வரைபட டேட்டா 2 பெட்டாபைட்டுக்கு மேல், அதாவது 20 லட்சம் ஜிபிக்கு மேல். எந்த வீட்டு கம்ப்யூட்டரிலும் இது அடங்காது. அதனால் விமானம் எங்கே பறக்கிறதோ அந்தப் பகுதியை மட்டும் இன்டர்நெட் வழியாக இழுத்து, ரேமில் விரித்து, கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி வடக்கே திரும்பி, கூவத்தைத் தாண்டி சென்ட்ரல், பேசின் பிரிட்ஜ், ராயபுரம், துறைமுகம், எண்ணூர் என்று கடற்கரையோரமாகப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். சாட்டிலைட் படத்தின் மேல் கட்டடங்கள் முளைக்கின்றன, மரங்கள் முளைக்கின்றன, கடலில் வெளிச்சம் மாறுகிறது. பின்னால் விட்ட இடத்தை ரேமிலிருந்து கழற்ற வேண்டும், முன்னால் வரும் இடத்தை ஏற்ற வேண்டும். நடுவில் விமானத்தின் இன்ஜின், எரிபொருள், காற்று, மேகம், மற்ற விமானங்கள் எல்லாவற்றுக்கும் நொடிக்குப் பல தடவை கணக்கு நடந்துகொண்டே இருக்கும். இதெல்லாம் ஒரே நேரத்தில் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டிய வண்டிகள்.

35,000 அடி உயரத்தில் பறக்கும்போது பெரிய பிரச்சினை தெரியாது. கீழே பார்த்தால் எல்லாம் மங்கல்தானே. ரேம் பற்றாக்குறை தன் முகத்தைக் காட்டுவது தரையிறங்கும்போது. பெரிய விமான நிலையத்தின் டெர்மினல், நிற்கும் விமானங்கள், சுற்றியுள்ள நகரம் எல்லாம் ஒன்றாக ஏறும் நேரம் அது. ரன்வே கண்ணுக்குத் தெரிந்து, இன்னும் முப்பது நொடியில் சக்கரம் தொடப்போகிறது என்னும்போது திரை திக்கித் திணறி உறையும். சில சமயம் கேமே மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நிற்கும். இரண்டு மணி நேரம் பொறுமையாகப் பறந்து வந்தவனுக்கு இதைவிட எரிச்சல் வேறு இல்லை.

2020 பதிப்புக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 16 ஜிபி என்றிருந்தது. 2024 நவம்பர் 19-ல் வந்த 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024' இந்தக் கணக்கை அப்படியே இரட்டிப்பாக்கிவிட்டது. குறைந்தபட்சம் 16 ஜிபி, பரிந்துரை 32 ஜிபி, 'சிறப்பாக ஓட' என்றால் 64 ஜிபி. டிஸ்க்கில் பிடிக்கும் இடம் மட்டும் 150 ஜிபியிலிருந்து 50 ஜிபியாகக் குறைந்தது. காரணம், முன்பைவிட அதிகமான டேட்டாவை நெட்டிலிருந்து நேரடியாக இழுக்கிறது. அதற்கு 10 எம்பிபிஎஸ் வேகம் குறைந்தபட்சம், 50 பரிந்துரை. நெட் திணறும் வீட்டில் ரேம் எவ்வளவு போட்டாலும் கீழே இருக்கும் ஊர் களிமண் மாதிரிதான் தெரியும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கிராபிக்ஸ் கார்டுக்குள் இருக்கும் மெமரி வேறு, மதர்போர்டில் செருகும் ரேம் வேறு. 2024 பதிப்பு கார்டில் குறைந்தது 4 ஜிபி, பரிந்துரையாக 8 ஜிபி மெமரி கேட்கிறது. ரேமை 32 ஜிபி ஆக்கினாலும் 2 ஜிபி கார்டு 2 ஜிபி கார்டாகவேதான் இருக்கும். குறைந்தபட்ச ப்ராசஸராக ரைசன் 5 2600எக்ஸ் அல்லது இன்டெல் ஐ7-6800கே என்று போட்டிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்த ஐ7-6800கே விண்டோஸ் 11-ன் அங்கீகாரப் பட்டியலில் இல்லை! சிமுலேட்டர் விண்டோஸ் 10-லும் ஓடும் என்பதால் பிழைத்தது. ஆக, சிமுலேட்டர் ஓடவேண்டும் என்பதற்காக மட்டும் விண்டோஸ் 11-க்கு மாறத் தேவையில்லை.

அப்போதும் இதே கேள்விதான்

2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தபோதும் சிமுலேட்டர் பிரியர்கள் இதே மாதிரி ரேம் கடைக்கு ஓடினார்கள். அப்போது கையில் இருந்தது 2006-ல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ். 4 ஜிபி ரேம் போட்டுவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தால் மூன்று சொச்சம் ஜிபிதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்கள்கூட இருப்பார்கள். உண்மையில் அது 32-பிட் விண்டோஸின் எல்லை. 4 ஜிபிக்கு மேல் முகவரி எழுதவே அதற்குத் தெரியாது, அதிலும் ஒரு பங்கை மற்ற ஹார்டுவேர் எடுத்துக்கொள்ளும்.

64-பிட் விண்டோஸுக்கு மாறினால் 8 ஜிபி, 16 ஜிபி எல்லாம் காட்டும். ஆனால் சிமுலேட்டர் எக்ஸ் 32-பிட் ப்ரோகிராம். எத்தனை ஜிபி சும்மா கிடந்தாலும் 4 ஜிபி என்ற கோட்டைத் தாண்டி அதனால் கை நீட்ட முடியாது. 'அவுட் ஆஃப் மெமரி' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். இன்றைய சிமுலேட்டர்கள் 64-பிட் என்பதால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. பழைய மெஷினில் இன்னமும் சிமுலேட்டர் எக்ஸ் மட்டும் ஓட்டுபவர்கள் 8 ஜிபிக்கு மேல் ரேமுக்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

விலை ஏன் இப்படி?

2025 இறுதியில் ரேம் விலை கேட்டவர்களுக்கு அதிர்ச்சி. சில வகை டிடிஆர்5 ரேம்கள் சில மாதங்களிலேயே இரண்டு மடங்குக்கு மேல் ஏறின. உலகத்தின் ரேம் சிப்களில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே கம்பெனிகள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு எச்பிஎம் என்ற தனி வகை மெமரி வேண்டும். அதில்தான் லாபம் அதிகம். ஒரே அளவு மெமரியைச் செய்ய, டிடிஆர்5-ஐவிட எச்பிஎம்முக்குச் சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் தட்டு தேவைப்படுகிறது. தொழிற்சாலை அந்தப் பக்கம் திரும்பினால் வீட்டு கம்ப்யூட்டருக்கான சரக்கு தானாகக் குறையும்.

மைக்ரான் ஒரு படி மேலே போய், கடைகளில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த தனது 'க்ரூஷியல்' பிராண்ட் வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பர் 3-ம் தேதி அறிவித்தது. டிடிஆர்4 பக்கம் போனாலும் தப்பிக்க முடியவில்லை. அதன் உற்பத்தியைக் கம்பெனிகள் படிப்படியாகக் குறைத்து வந்ததால் அதுவும் ஏறியது. இந்த விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 'சும்மா ஒரு 32 போட்டு வைப்போம்' என்று வாங்கும் காலம் இது இல்லை.

வாங்கும் முன் உங்க மெஷினைப் பாருங்க

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். மொத்தம் எவ்வளவு, இப்போது எவ்வளவு பயன்பாட்டில், என்ன வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எல்லாம் அங்கேயே இருக்கும்.

இதைச் சும்மா பார்த்துப் பயனில்லை. நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வைத்துவிட்டுப் பாருங்கள். சிமுலேட்டர் ஏற்கெனவே இருந்தால், ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கும் நேரத்தில் பாருங்கள். பயன்பாடு 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் சேர்ந்து ஓயாமல் ஓடினால் ரேம் பற்றாக்குறைதான். ரேமில் 60 சதவீதம்தான் போகிறது, ஆனாலும் படம் திக்குகிறது என்றால் கோளாறு கிராபிக்ஸ் கார்டிலோ ப்ராசஸரிலோ இருக்கிறது. ரேம் வாங்கினால் ஒரு மாற்றமும் தெரியாது.

சிமுலேட்டரின் செட்டிங்ஸில் 'டெரெய்ன்', 'ஆப்ஜெக்ட்' விவர அளவுகளைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ரேம் பசி கணிசமாகக் குறையும். பேஜ் ஃபைலை அணைத்துவிட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரேம் நிரம்பும் நேரத்தில் வண்டியைத் தள்ளி நிறுத்த யார்டே இல்லாமல் போய், கேம் மூடிக்கொள்ளும்.

லேப்டாப் என்றால் இன்னொரு சோதனை பாக்கி. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஸ்லாட்டே இருக்காது, கூட்டவே முடியாது. மாடல் நம்பரை வைத்து கம்பெனியின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பிறகு கிளம்புங்கள். 2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருக்கின்றன. விண்டோஸ் 11-க்கும் படிப்புக்கும் இது போதுமான அளவு. வாரன்டி இருக்கும்போது தெருமுனைக் கடையில் பின்பக்கத்தைக் கழற்ற வைக்க வேண்டாம், முதலில் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் 8-ஐ 16 ஆக்கினாலும் 2024 சிமுலேட்டருக்கு அது சரியான வண்டி இல்லை. பறக்கும் ஆசை அடங்கவில்லை என்றால் 'ஃப்ளைட்கியர்' முழுக்க இலவசம், லினக்ஸிலும் ஓடும். 'எக்ஸ்-ப்ளேன் 12'-க்கு இலவச டெமோ இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தாலே உங்கள் மெஷின் எவ்வளவு தாங்கும் என்று செலவில்லாமல் தெரிந்துவிடும்.

பைலட் ஆக ஆசைப்படும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு தகவல். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த சிமுலேட்டரில் செய்யும் பயிற்சிதான் கணக்கில் வரும். வீட்டு கம்ப்யூட்டரில் ஆயிரம் மணி நேரம் பறந்தாலும் அதில் ஒரு நிமிடம்கூடச் சேராது. காக்பிட்டில் எந்த மீட்டர் எங்கே இருக்கிறது, ரேடியோவில் எப்படிப் பேசுவது, இறங்கும் முன் எதையெல்லாம் சரிபார்ப்பது என்பதெல்லாம் மனதில் பதியும், அது நிச்சயம். 'படிப்புக்குத்தான்மா' என்று சொல்லி 64 ஜிபி கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

பேசின் பிரிட்ஜிலிருந்து மின்சார ரயிலில் ஒரே ஸ்டாப் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் ஒரு நிறுத்தம் தள்ளி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். போவதற்கு முன் பழைய ரேமை செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்டிக்கரில் எல்லாத் தகவலும் இருக்கும்.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் அடிப்பக்க வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று ஏறாது, அழுத்தினால் உடையும். லேப்டாப் ரேம் நீளத்தில் டெஸ்க்டாப் ரேமில் பாதிதான். வேகம் வேறு வேறு இரண்டு ரேம் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கே ஓடும். கேடு ஒன்றும் இல்லை, ஆனால் வேகமான ரேமுக்கு அதிகம் கொடுத்த காசு வீண்.

ஒரே 16 ஜிபியா, இரண்டு 8 ஜிபியா என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு 8-தான் நல்லது. இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் டேட்டா போகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் அங்கே படம் காட்டும் வேலைக்கும் இதே ரேம்தான். பின்னால் 32-க்குப் போகும் எண்ணம் இருக்கிறது, இரண்டே ஸ்லாட்தான் என்றால் மட்டும் ஒரே 16 வாங்கி ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடலாம்.

விலை ஏறிய காலத்தில் பழைய ரேமைத் துடைத்து ஸ்டிக்கர் மாற்றி விற்பதும் நடக்கக்கூடியதுதான். ஜிஎஸ்டி பில், அதில் ரேமின் சீரியல் நம்பர், வாரன்டி எத்தனை வருஷம் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். "பில் வேணாம்னா 500 ரூபா கம்மி" என்றால், கெட்டுப்போனால் உங்கள் பாடு என்று அர்த்தம். செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்குவதில் தவறில்லை, அதற்கு ஆயுள் அதிகம். கடையிலேயே ஒரு தடவை டெஸ்ட் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

போட்டதும் திரை கருப்பா?

ரேம் மாற்றும் முன் கரண்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சக் கரண்டும் இறங்கிவிடும். கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமை ஓரத்தில் பிடித்து எடுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது. இரண்டு பக்கமும் 'டக்' என்று கிளிப் பூட்டும் வரை அழுத்த வேண்டும். பாதி ஏறிய ரேம்தான் பாதிப் புகார்களுக்குக் காரணம் என்று சர்வீஸ் செய்பவர்கள் சொல்வார்கள்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மாதிரி கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ஸ்லாட்டில் படிவது சகஜம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மழைக்காலத்தில் திடீரென்று பீப் பீப் என்று கத்தினால் ரேம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கழற்றி, பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதாமல் பிரஷால் தட்டிவிட்டு மறுபடி செருகுங்கள். ஊதினால் வாயின் ஈரம் போய் ஒட்டும். இந்த ஒரு வைத்தியத்திலேயே பல கம்ப்யூட்டர்கள் எழுந்துவிடும்.

டிடிஆர்5 போர்டில் புது ரேம் போட்டுவிட்டு முதல் தடவை ஆன் செய்தால் திரை கருப்பாகவே சில நிமிடங்கள் நிற்கலாம். போர்டு புது ரேமைப் பழகிக்கொள்ளும் நேரம் அது. பதறிப்போய் கரண்டை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

திரை வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மொத்த ரேம் சரியாகக் காட்டுகிறதா, வேகம் பெட்டியில் போட்டதைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் பயாஸில் 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டியிருக்கும். அன்று இரவே விண்டோஸில் இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் அல்லது இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும், பில்லோடு அதே கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.